தேவாரத்துக்குப் பின் இரண்டு ஸ்ட்ரா

எனக்குப் பிடித்தது அடுத்தவருக்கும் பிடித்தே ஆக வேண்டும் என்கிற வியாதி எனக்கு உண்டு. சாப்பாட்டில் இதனால் பெரிய ஆபத்தில்லை. பாட்டு விஷயத்தில் ஒரு பதினாறாம் நாள் காரியமே கெட்டது.

எண்பதுகளின் நடுவில், மூன்றாம் படிவத்தோடு படிப்பை முடித்துக்கொண்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கேசட் கடையில் இருந்தேன். வருகிறவர்கள் தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுப்பார்கள். அவற்றை வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவது என் வேலை. (கரண்டு போய்விடுமோ, டேப் சிக்கிவிடுமோ என்று கவலைப்படுவது கூடுதல் வேலை.)

அந்தக் கடையில்தான் அவர்களைக் கண்டுபிடித்தேன். கிள்ளான் ஊர் இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்த பாட்டுக் குழு. மோட்டார் பட்டறையின் பின்னறையில் பதிந்த பத்துப் பாட்டு. அட்டைப் படத்தில் நாலு பேரும் நாலு திசையைப் பார்த்தார்கள். கடைக்கு வந்த பத்து கேசட்டில் ஒன்றைக்கூட யாரும் வாங்கவில்லை.

எனக்கோ பைத்தியம். பாடுகிறவன் கத்த மாட்டான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் பேசுவதுபோல் பாடுவான். மூன்றாவது பாட்டில் தகரக் கூரையில் மழை விழுவது கேட்கும். பதிவை நிறுத்திக் காத்திருக்காமல், மழைக்குத் தக்கபடி கிட்டாரைத் தணித்திருந்தார்கள். நிலா, தேவதை எதுவும் கிடையாது. 'ஒரு பைத் தே, ரெண்டு ஸ்ட்ரா' என்று ஒரு பாட்டு. பிளாஸ்டிக் பையில் கட்டிய ஒரே தேநீரை இரண்டு பேர் குடிக்கிறார்கள், அவ்வளவுதான். காதலில் இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். (காதலித்த அனுபவம் இல்லை.)

முதலாளி ஞானம் அண்ணன் கெடு வைத்தார். "மாசக் கடைசிக்குள்ள இந்தப் பத்து கேசட்டும் போகலன்னா, அழிச்சு மேலயே சினிமா பாட்டு அடிச்சிருவேன். சும்மா எடத்த அடைக்குது லா."

எனக்குத் தூக்கம் போனது. கேட்டால்தானே வாங்குவார்கள்? எனவே யார் கேசட் பதிந்தாலும், கடைசியில் மிஞ்சும் இரண்டு மூன்று நிமிடத்தில் அந்த ஸ்ட்ரா பாட்டை நுழைத்துவிடுவேன். கேட்டவர்கள் வந்தார்கள். "தம்பி, கடைசில என்னமோ சத்தம் வருது" என்று புகார் சொல்ல வந்தார்கள், அதை அழிக்க வைத்துக்கொண்டு போனார்கள்.

அந்த மாதம்தான் பண்டமாரானில் என் அக்காவின் மாமனார் இறந்துபோனார். "பதினாறுக்குத் தேவாரக் கேசட் ஒண்ணு பதிஞ்சு கொண்டாடா" என்றாள் அக்கா. பக்தியோடு பதிந்தேன். பழக்க தோஷம், கை தானாக வேறொன்றையும் செய்திருக்கிறது.

அது எனக்கு நினைவு வந்தது காரியத்தன்று, பந்தலில், கடைசிப் பதிகம் ஓடிக்கொண்டிருந்தபோது.  கேசட் பெட்டி பெரியவர் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எழுந்து முன்னால் ஓடினேன். துக்கம் தாங்காமல் படத்தின்மேல் விழப் போகிறேன் என்று நினைத்து இரண்டு பேர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

"அழுவாத தம்பி. நல்ல சாவுதான்."

"அண்ணே, விடுங்க, பெட்டி..."

"பொட்டியெல்லாம் அன்னிக்கே சுடுகாட்டுக்குப் போயாச்சுப்பா."

பதிகம் முடிந்தது. ஒரு நொடி அமைதி. பிறகு ஒலிபெருக்கியில் ஒரு சீட்டி, அதன் பின்னால் கிட்டார் கிளம்பியது. கற்பூரத் தட்டு அந்தரத்தில் நின்றது. 'ஒரு பைத் தே, ரெண்டு ஸ்ட்ரா' தெரு முழுக்கக் கேட்டது. அறுபது பேர் இருந்திருப்பார்கள். அந்தக் குழுவுக்கு அதுவரை கிடைத்த மிகப் பெரிய கூட்டம். அத்தான் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார்.

செய்தி எனக்கு முன்னால் பிரிக்ஃபீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தது. ஞானம் அண்ணன் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. பத்து கேசட்டையும் என் கையாலேயே அழிக்க வைத்தார். எனக்கென்று பதிந்துவைத்திருந்த பிரதியை என் பழைய ரேடியோ எப்போதோ மென்று துப்பியிருந்தது. ஆக, அந்தக் குழுவின் பாட்டு எனக்குத் தெரிந்த உலகத்தில் மிச்சம் இருந்தது ஒரே இடத்தில்தான்: தேவாரத்துக்குப் பின்னால், அக்கா வீட்டில்.

அதையும் அழிக்கச் சொன்னார் அத்தான். அக்காவின் மாமியாரான அத்தை விடவில்லை. "சாமி பாட்டு இருக்கிறத அழிக்கிறதாவது! திவசத்துக்குப் போடுவோம். முடியற நேரத்துல இவன் பக்கத்துல ஒக்காந்து நிறுத்தட்டும்."

எனவே வருஷா வருஷம் திவசத்தில் எனக்கு அதுதான் உத்தியோகம். முதல் வருஷம் சீட்டி தொடங்கும் முன்பே நிறுத்தினேன். அடுத்த வருஷம் சீட்டி கொஞ்சம் கேட்டது. அதற்கடுத்து கிட்டாரும் வந்தது. "கை மரத்துப்போச்சு" என்றேன். யாரும் நம்பவில்லை. ஐந்தாவது வருஷம் பொத்தானை நான் தொட்டபோது, அத்தை கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"விடுடா. அந்தத் தேத்தண்ணிய யாருதான் குடிச்சு முடிக்கிறாங்கன்னு பார்த்துருவோம்."

விட்டேன். வீடே கேட்டது. மூன்றாவது அடியில், பாடகன் மூச்சிழுத்த இடத்தில், டக்கென்று டேப் தீர்ந்துபோனது. பாட்டு தீரவில்லை.

அத்தை கண்ணைத் திறந்தார். "அறிவிருக்காடா ஒனக்கு? பதியறதுதான் பதிஞ்ச, முழுசாப் பதியக் கூடாதா?"

இன்றும் எங்கள் குடும்பத்தில் புது மருமகனோ மருமகளோ வந்தால் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்கள்: "காரியத்துல பாட்டுப் போட்டாரே, அவரு. அதையும் பாதிதான் போட்டாரு."