டி டிரைவைத் திறக்க அனுமதி வேண்டி

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதுவது. நான் நலம், உங்கள் அக்கா என்னைவிட நலம், நீங்கள் புதுப்பித்துக் கொடுத்த கணினி எங்கள் இருவரையும்விட நலம். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பார்கள் என்றும், இதற்கிடையில் வேறு யார் வீட்டுக் கணினியையும் நீங்கள் புதுப்பிக்கவில்லை என்றும் நம்புகிறேன்.

போன முறை வந்திருந்தபோது, "பழைய சிஸ்டம் ரொம்ப மெதுவா இருக்கு அத்தான், ஒரு மத்தியானம் என்கிட்ட விடுங்க, பறக்கும்" என்றீர்கள். விட்டேன். பறக்கிறது, டி டிரைவை மட்டும் கீழே போட்டுவிட்டுப் பறக்கிறது. குடிநீர் அலுவலகத்தில் நான் பணியாற்றிய காலத்தைப் பற்றிய என் புத்தகம் அதில்தான் இருக்கிறது என்பதும், வேறு பிரதி கிடையாது என்பதும், அச்சகக்காரர் மாதக் கடைசிக்குள் கேட்டிருக்கிறார் என்பதும் நீங்கள் அறிந்ததே. கோப்புறையைத் திறக்கப் போனால், 'உங்களுக்கு அனுமதி இல்லை, நிர்வாகியை அணுகவும்' என்கிறது. இந்த வாசகத்தை நான் சர்வீஸ் முழுவதும் பிறருக்குச் சொல்லியிருக்கிறேன், எனக்கு யாரும் சொன்னதில்லை. எவ்வளவு கச்சிதமான வாசகம் என்பது எதிர்ப்பக்கம் நின்றால்தான் தெரிகிறது.

கணினிக் கடைக்காரரை வரவழைத்தேன்.

"சார், டேட்டா எங்கயும் போகல. பத்திரமா உள்ளதான் இருக்கு."

"அப்ப எடுத்துக் குடுங்க."

"அது உங்களோடது இல்லயே சார்."

உரிமையாளர் என்ற இடத்தைக் காட்டினார். என் பெயர் இல்லை. நீளமாக ஓர் எண் இருந்தது. பழைய சிஸ்டத்தில் இருந்த நான் அந்த எண்தானாம், புதியதைப் போட்டதும் அந்த ஆள் காலமாகிவிட்டாராம், இப்போது இருக்கும் நான் அதே பெயருள்ள வேறு ஆளாம். மனுதாரர்களை எண்ணால் மட்டுமே அறிந்திருந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை. "சரி, நிர்வாகி யாரு?" என்றேன். அவர் திரையைப் பார்த்தார், பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார். புதிய சிஸ்டம் பெயர் கேட்ட நேரத்தில் டீ கொண்டுவந்த உங்கள் அக்காவின் பெயரைத் தட்டிவிட்டு, என்னைப் பிற்பாடு சாதாரணப் பயனராகச் சேர்த்திருக்கிறீர்கள். வீட்டு நிலவரம் கணினிக்கும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

"அம்மா பாஸ்வேர்டு போட்டு உரிமையை உங்க பேருக்கு மாத்திட்டா முடிஞ்சுது" என்று சொல்லி, செய்முறையை உங்கள் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

"இப்பவே மாத்திடவா?" என்றாள் உங்கள் அக்கா. நான் வாய்மொழி உத்தரவை ஏற்கிறவன் அல்ல. "நான் மனு குடுக்கறேன். நீ பாத்து, எழுத்துல உத்தரவு போடு. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றேன். "குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். மறுநாள் விசாரித்தேன். "பரிசீலனைல இருக்கு" என்றாள். அடுத்த நாள், "இணைப்பு இல்லாம குடுத்திருக்கீங்க" என்றாள். என்ன இணைப்பு என்றதற்கு, "அந்த ஆபீஸ்ல இத்தனை வருஷம் என்னதான் பண்ணீங்கன்னு ஒரு விளக்கம். வாயால சொன்னா போதும். உக்காருங்க" என்றாள். சமையலறை வாசலில் நாற்காலி போடப்பட்டிருந்தது. மனுதாரருக்கு நாற்காலி போடும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் கிடையாது என்று சுட்டிக்காட்டினேன். "அதான் யாருக்கும் தண்ணியும் வரல" என்றாள். அன்று முதல் தினமும் மாலையில் விளக்கம் அளித்துவருகிறேன். எங்கள் கட்டடத்திலேயே குழாய் வெடித்து, மிதந்து வந்த ஒரு ஃபைலை அதிகாரி எடுத்துக் கையெழுத்துப் போட்டு மறுபடி மிதக்கவிட்டதைச் சொன்னபோது, நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். புத்தகத்தில் அந்த இடம் இவ்வளவு நன்றாக வரவில்லை என்று நினைவு. டீயும் தருகிறாள். காத்திருப்பதில் நான் நினைத்திருந்த அளவு துன்பம் இல்லை.

ஆனாலும் அச்சகக்காரர் காத்திருக்க மாட்டார். ஆகவே நீங்கள் உங்கள் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இதைச் சிபாரிசு என்று எண்ண வேண்டாம், நினைவூட்டல். முறைப்படி இந்தக் கடிதத்தையும் நிர்வாகி வழியாகவே அனுப்புகிறேன்.

உங்கள் குழந்தைகள் நன்றாகப் படித்து, பெரியவர்களாகி, அவரவர் பெயரிலேயே கணினி வைத்துக்கொள்ள வாழ்த்துகிறேன்.

இங்ஙனம்,
அன்பு அத்தான்
(சாதாரணப் பயனர்)

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். மனு குடுத்த அன்னிக்கே உரிமையை அவர் பேருக்கு மாத்திட்டேன். திறந்துதான் கிடக்கு. அதுக்கப்புறம் ஒரு தடவைகூட அவர் திறந்து பாக்கல, உத்தரவு கைக்கு வரலயாம். புத்தகத்தை நானே அச்சகத்துக்கு அனுப்பி, பாதி அச்சாகியும் ஆச்சு. நீ எதையும் சொல்லி வைக்காதே. தெரிஞ்சா உடனே ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டாம் பாகம் எழுத உக்காந்துடுவார். மனுஷன் இப்பத்தான் என்கூடப் பேசவே ஆரம்பிச்சிருக்கார்.