வன்னிக்குப் போன விதைநெல்

அரிசி மில் முதலாளிக்கு நெல்லைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்தால், நீங்கள் என்னைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாமல், மூட்டை தூக்கிச் சம்பாதித்து, செங்கல்பட்டுப் பக்கத்தில் சொந்த மில் வைத்தவன் நான். (நெல் அவிக்க மூன்று பாய்லர். சும்மா இல்லை.)

இலங்கையில் சண்டை ஓய்ந்து, முகாமிலிருந்து ஊர் திரும்பிய வன்னி விவசாயிகளுக்கு விதைநெல் கொடுக்க ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் முன்வந்தது. நெல் சேர்க்கும் வேலையை நான் வலியப்போய் வாங்கிக்கொண்டேன். மதுராந்தகம் வரை வீடு வீடாக ஏறி இறங்கி, ஒரு பதர் இல்லாமல் பொறுக்கினேன். நெல் மில்லில் வந்து இறங்கிய அன்று, நிறுவனத்து வெள்ளைக்காரருக்கு மாமல்லபுரத்தில் வஞ்சிர வறுவலையும் என் வாழ்க்கை வரலாற்றையும் பரிமாறிக்கொண்டிருந்தேன். மில் மேஸ்திரி கன்னியப்பன் போன் செய்தான்.

“அண்ணாத்த, லோடு வந்துகீது. இன்னா பண்றது?”

“இன்னாடா புதுசா கேக்கற? எப்பவும் பண்றதுதான். மூணு நாள்ல மூட்டை ரெடியா இருக்கணும்!”

போனை வைத்துவிட்டு, நம் ஒரு வார்த்தைக்கு மில்லே ஆடும் என்று வெள்ளைக்காரருக்குக் கையை ஆட்டிக் காட்டினேன்.

நான்காம் நாள் மில் வாசலில் பந்தல், மாலை, மைக். நெல்லைப் பார்த்து வாங்கிப்போக வன்னியிலிருந்து மகேஸ்வரி என்ற அம்மா வந்திருந்தார். அவரும் விவசாயி. நான் மைக்கில் முழங்கிக்கொண்டிருக்கும்போதே மூட்டையில் கைவிட்டு, ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார்.

“அண்ணை, இது அவிச்ச நெல் எல்லோ?”

“எங்க ஊரு நெல்லு கலரே அப்படித்தாம்மா!” என்றேன், மைக்கிலேயே. வெள்ளைக்காரர் விவரம் புரியாமல் கைதட்டினார்.

அந்த அம்மா இன்னொரு நெல்லை நகத்தால் உரித்து என் உள்ளங்கையில் வைத்தார். கண்ணாடி மாதிரி மினுங்கியது. சுத்தமான புழுங்கலரிசி. தண்ணீரில் ஊறப்போட்டுத் தவம் கிடந்தாலும் முளைக்காது.

“டேய் கன்னியப்பா!”

“நீதான அண்ணாத்த எப்பவும் பண்றத பண்ணச் சொன்ன? ஊற வச்சி, அவிச்சி, காய வச்சேன். மில்லுல வேற இன்னா பண்ணுவாங்க?”

அவனை அடிக்கக் கை வரவில்லை. மகேஸ்வரி அம்மா நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை. “மழைக்கு முன்னம் விதைக்க வேணும் அண்ணை. இனி எங்கை போறது?” என்றார். அவ்வளவுதான். மறுபடி ஊர் ஊராக ஓடினேன். யார் வீட்டிலும் விதைநெல் மிச்சமில்லை. இருந்ததையெல்லாம் நானே துடைத்து எடுத்து வந்துவிட்டேனே! அந்த வருஷ மழை அவர்கள் வயலில் சும்மா பெய்து, சும்மா ஓடியது. சோற்றுக்காவது ஆகட்டும் என்று மூட்டைகளை ஏற்றிப்போனார்கள்.

பிறகு நிறுவனத்திலிருந்து எனக்கு ஒரு சான்றிதழ் வந்தது: உணவு நிவாரணம் வழங்கியதற்கு நன்றியாம். என் மனைவி அதை ஃப்ரேம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள். நான் கழற்றினால் மறுநாள் மறுபடி தொங்குகிறது. வீட்டுக்கு யார் வந்து விசாரித்தாலும் ஒரே பதில்தான்:

“எங்க வூட்டுக்காரரு விவசாயிங்களுக்கே சோறு போட்டவரு. வெதைக்கத்தான் வுடல.”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிக்கிற மாதிரி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.