கத்தத் தெரிந்தவள் பெற்ற பட்டம்

ஒரு காட்டில், சிங்கம் ஓய்வுபெற்றுப் போன பின்பு, அதன் குகையில் பல்கலைக்கழகம் ஒன்றைத் திறந்தார்கள். அங்கே மக்கள் தொடர்புத் துறைக்குத்தான் கூட்டம் அதிகம். அத்துறையின் மூன்றாம் ஆண்டில் வடிவாம்பாள் என்னும் ஆள்காட்டிப் பறவை படித்து வந்தாள்.

ஆள்காட்டிகள் வெறுந்தரையில் முட்டையிடும் குலம். ஆபத்து எதுவும் அருகே வந்தால் காடே அதிரக் கத்திவிடுவது அவர்கள் வழக்கம். கத்தல் கேட்டு உயிர் தப்பிய விலங்குகள்கூட அவர்களைத் "தொண்டைக்காரங்க" என்று கேலி செய்தன. வடிவாம்பாளுக்கு அது பொறுக்கவில்லை.

"கத்துறதுக்கு எதுக்குடி படிப்பு?" என்றாள் தாய்.

"கத்தாம இருக்கத்தாம்மா படிப்பு," என்றாள் மகள்.

சொல்வது எளிது. மௌனம் காத்தல் என்ற தாளில், மேற்பார்வைக்கு வந்த ஆந்தை கழுத்தைத் திருப்பியதற்கே அவள் கத்திவிட்டாள். செய்முறைத் தேர்விலும் இருமுறை தோற்றாயிற்று. மூன்றாம் முறையும் தோற்றால் பட்டம் கிடையாது. வீட்டுக்குத் திரும்பி முட்டைக்குக் காவல் நிற்க வேண்டியதுதான்.

துறைத் தலைவர் சாந்தமூர்த்தி ஒரு தேவாங்கு. வருத்தம் தெரிவிப்பதற்கென்றே படைக்கப்பட்ட பெரிய ஈரக் கண்கள் அவருக்கு. அவர் வடிவாம்பாளுக்கு ஒதுக்கிய வாடிக்கையாளர், கிழக்கு மடுவில் வசிக்கும் மகரபூஷணம் என்ற முதலை. மான்கள் அந்த மடுவுக்கு வருவதை நிறுத்திவிட்டன. பதினைந்து நாளைக்குள் அவை திரும்பி வந்து நீர் அருந்த வேண்டும். அதுவே தேர்வு.

"மான்கள் ஏன் வருவதில்லை?" என்று பேராசிரியர் கேட்டார்.

"போன வாரம் முதலை ஒரு மானைத் தின்றுவிட்டது, ஐயா."

"தின்பது என்ற சொல் நம் துறையில் இல்லை, அம்மா. போய் எழுதி வா."

அவள் நான்கு முறை எழுதினாள். நான்காவது தேறியது: 'கிழக்கு மடுவில் மூத்த மான் ஒருவருக்கும் திரு. மகரபூஷணம் அவர்களுக்கும் இடையே ஏற்பட்ட நெருக்கம், எதிர்பார்த்ததைவிட ஆழமாக அமைந்துவிட்டது.'

பதினான்காம் நாள் மான்களை மடுக்கரைக்கு அழைத்து, அவள் இந்த அறிக்கையை வாசித்தாள். மான்கள் பத்தடி தள்ளியே நின்றன. அவற்றின் தலைவி கோமளம், தின்னப்பட்டவரின் மருமகள், முன்னே வந்தாள்.

"ஏம்மா, படிச்ச புள்ள, சுத்தி வளைக்காம சொல்லு. அவரு எங்களத் தின்பாரா, மாட்டாரா?"

"அவருடைய உணவுக் கொள்கை மறுஆய்வில் உள்ளது, அக்கா."

"ஆய்வு முடியுற வரைக்கும் பட்டினியா கெடப்பாராமா?"

இதற்கும் ஒரு விடை தயாராக இருந்தது. அதைச் சொல்ல வடிவாம்பாள் வாய் திறந்த நேரத்தில், கோமளத்தின் காலடியில் நீர் சற்றே அசைந்து, இரண்டு கண்கள் மேலே வந்தன. மூன்றாண்டுப் படிப்பும் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"முதலை! முதலை! ஓடுங்க! ஓடுங்க!"

மான்கள் புழுதியாய் மறைந்தன. மகரபூஷணம் தலையை உயர்த்தி, "நீ எனக்குத்தானே வேலை பார்க்கிறாய்?" என்று கேட்டது. வடிவாம்பாள் பட்டம் போயிற்று என்று எண்ணி மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை, மதிப்பெண்ணில் சுழியைப் போடப் பேராசிரியர் வந்தபோது, நாற்பது மான்கள் வரிசையாக நின்று நீர் அருந்திக்கொண்டிருந்தன.

"என்னக்கா, வந்துட்டீங்க?" என்று வடிவாம்பாள் கோமளத்தின் காதருகே கேட்டாள்.

"இந்த ஆத்துல ஏழு மடு இருக்கு. ஏழுலயும் முதலை இருக்கு. பாத்தா கத்துற ஆளு இங்க மட்டுந்தான இருக்கு? நீ வாய மூடிட்டு நிக்கிற வரைக்கும் நாங்க நிம்மதியாக் குடிப்போம்."

பேராசிரியர் மான்களை எண்ணினார், காரணம் கேட்கவில்லை. காரணம் கேட்பது அத்துறையில் பழக்கமில்லை. முதல் வகுப்பு வழங்கிவிட்டுப் போனார்.

மகரபூஷணம் மட்டும் காரணத்தைக் கேட்டறிந்தது. இரண்டு நாள் நீருக்கடியில் கிடந்து யோசித்தது. பிறகு வடிவாம்பாளை அழைத்து, தன் தலைமைச் செய்தித் தொடர்பாளராக நியமித்தது. உட்காரத் தனிப் பாறை, அதன்மேல் பெயர்ப்பலகை. பணி ஆணையில் ஒரே ஒரு நிபந்தனை இருந்தது: இந்த அலுவலகத்திலிருந்து வெளிவரும் எந்தச் சொல்லும் மூன்று படிகளாக எழுதப்பட்டு, நிறுவனத் தலைவரின் கையொப்பம் பெற்ற பின்பே வெளியிடப்பட வேண்டும்.

நிபந்தனையை அவள் படிக்காமல் இல்லை. படித்தாள், பெயர்ப்பலகையையும் பார்த்தாள், ஒப்புக்கொண்டாள். இனி யாரும் தொண்டைக்காரி என்று சொல்ல மாட்டார்கள்.

ஒரு மாதம் சென்றது. ஒரு பிற்பகல் நீர் அசைந்தது. இரண்டு கண்கள் மேலே வந்தன. வடிவாம்பாள் பார்த்துவிட்டாள். கத்தல் தொண்டைவரை வந்தது. இம்முறை படிப்பு அதைப் பிடித்து நிறுத்தியது. அவள் விரைந்து மூன்று படிகள் எழுதி முதலையிடம் நீட்டினாள். அதன் வாய் அப்போது நிறைந்திருந்தபடியால், கையொப்பம் கிடைக்கச் சற்றுத் தாமதமாயிற்று.

'மடுவில் முதலை இருக்கக்கூடும்' என்ற அறிக்கை மாலையில் வெளியாயிற்று. அதைக் கேட்டுக்கொண்டு, பாதி வாலோடு கோமளம் பாறைக்கு வந்தாள்.

"ஏண்டி, பாத்தியா இல்லியா?"

"பாத்தேன் அக்கா."

"அப்ப ஏன் கத்தல?"

"உடனே கத்தினேன், அக்கா. ஒப்புதலுக்கு அனுப்பியிருந்தேன்."

கோமளம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பெயர்ப்பலகையைப் பார்த்தாள். பறவையின் சிறகில் ஒன்றுகூடக் குறையாததையும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"என் மூத்தவளுக்கு இந்த வருசம் பள்ளிப் படிப்பு முடியுது. அந்தத் துறையில எடம் கெடைக்குமா?"

நீதி: முதலைக்குப் பக்கத்தில் பல் படாத இடம் ஒன்று உண்டு, அது அதன் செய்தித் தொடர்பு அலுவலகம். ஆகையால் பிள்ளைகளே, பட்டப்படிப்பைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.