எங்கேஜ் தம்பியும் என் டெலிபோன் லைனும்

மூன்றாம் வகுப்போடு தோட்டப் பள்ளியை விட்டவன் நான். கையில் ஒரு ஸ்பேனரோடு செனாவாங் பட்டணத்துக்கு வந்து டயர் கடை போட்டேன், மேலே மாடி எழுப்பினேன், டெலிபோனும் இழுத்தேன். இத்தனையும் செய்த என்னையே வாய் பிளக்க வைத்தவன் உலகத்தில் ஒருவன்தான்: என் மாடியில் குடியிருந்த எங்கேஜ் தம்பி.

பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு மாணவன். கம்ப்யூட்டரை என் டெலிபோனில் சொருகிவிடுவான். கடைக்கு யார் போன் அடித்தாலும் எங்கேஜ் சத்தம்தான் கேட்கும். பெயர் வந்தது அப்படி. நார்வேயில் அவனுக்குச் சிநேகிதன் உண்டு; பக்கத்துக் கடைக்காரர் பெயர் தெரியாது. என் டயரைப் பற்றி இன்டர்நெட்டில் எழுதிப் போட்டான். கனடாவிலிருந்து ஒருவன் விலை கேட்கிறான்! ஆடிப்போனேன்.

அந்த மோகத்தில் வகுப்புக்குப் போவதையே விட்டுவிட்டான். லிங்கி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அவன் அப்பா ஒருநாள் பல்கலைக்கழகக் கடிதமும் கையுமாக வந்து நின்றார். கடைசிக் கட்டுரை அன்று மாலை ஐந்துக்குள் வராவிட்டால் பட்டம் கிடையாதாம்.

"கிளாஸுக்குப் போவாம எங்கடா இருந்த?"

"லைன்லதான்ப்பா இருந்தேன்."

அவருக்கு லைன் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள்தான்.

"நம்ம லைன்ல மொத்தமே பதினாறு வீடு. நாலு மாசமா ஒன் தலையே தெரியல. எந்த வீட்லடா ஒளிஞ்சிருந்த?"

"ஐயோ, இந்த லைன்ப்பா!" என்று டெலிபோன் ஒயரைக் காட்டினான்.

"எல்லாத்துக்கும் இந்தச் சனியன்தான் காரணமா?" என்று அவர் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு. சுவரோடு பெயர்ந்து வந்தது.

"அங்கிள்! அதுலதான்லா கட்டுரை போய்க்கிட்டு இருந்துச்சு!" என்று தம்பி என்னைப் பார்த்து அலறினான்.

ஓடிப்போய்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி மூன்று.

"பதறாதீங்க, ஒரு டிஸ்க்ல ஏத்திக் குடுத்தா போதும்" என்றான். உள்ளங்கை அகல பிளாஸ்டிக்கில் அத்தனை படிப்பா? நான் நம்பவில்லை. டிஸ்க் அவன் பையில் இருக்கட்டும் என்று, கம்ப்யூட்டரையே டியூப் ரப்பரால் அவன் முதுகில் கட்டி என் மோட்டார் சைக்கிளில் ஏற்றினேன். வழியெல்லாம் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துச் சிரித்தார்கள். ஐந்துக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது விரிவுரையாளர் அறைக்குள் நுழைந்தோம். அந்த மனுஷர் கேட்டது டிஸ்க்கை மட்டும்தான்.

பட்டம் வாங்கினான். விருந்தில் எழுந்து நின்று நார்வேக்காரனுக்கு நன்றி சொன்னான். என் மோட்டாரைப் பற்றி மூச்சு விடவில்லை. இப்போது வெளிநாட்டில் பெரிய வேலை.

அந்தப் பட்டத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதை அவன் வாயால் சொல்லியாக வேண்டும். இன்டர்நெட்டில் எழுதியெல்லாம் போட வேண்டாம், கடைக்கு ஒரு போன் அடிக்கட்டும். ஒயரை அப்போதே சரி செய்துவிட்டேன்; லைன் இப்போது சும்மாதான் கிடக்கிறது.