சத்தமே வராத ஷூ

ப்ளக். சேற்றில் புதைந்த காலை அம்மா உருவி எடுக்கிற சத்தம் அது. ஒரு காலுக்கு ஒரு ப்ளக், நாலு காலுக்கு நாலு. ஐப்பசி மழையில் ஓடையைத் தாண்டும்போது நானும் தங்கையும் அதை எண்ணிக்கொண்டே பின்னால் போவோம். அம்மா காலில் ஒன்றும் கிடையாது. ஈரத்துக்கு எது நல்லது, வழுக்கலுக்கு எது நல்லது என்று அவள் யாரிடமும் விசாரித்ததாக எனக்கு நினைவில்லை.

இனி முறைப்படி ஆரம்பிக்கிறேன். ஒரு காட்டில் கிழட்டு மிளா ஒன்று இருந்தது. மிளா என்றால் பெரிய கடமான். குளம்புள்ள இனம், அதாவது பிறக்கும்போதே செருப்பு மாட்டிக்கொண்டு பிறக்கிற இனம். அந்த மிளா நான்தான். பெயர் வடிவு. கதையை வேறு யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று பார்த்தேன். இவ்வளவு முட்டாள்தனத்தைத் தாங்கக்கூடிய வேறு மிருகம் கிடைக்கவில்லை.

என் தங்கை ஆவுடை வாழ்க்கைப்பட்டுப் போனது மலைமேல் புல்வெளிக்கு. நாங்கள் பார்த்துக்கொண்டு பதினாலு வருடம் ஆகியிருந்தது. சண்டை எதுவும் இல்லை. சண்டை என்றாலாவது யாராவது நடுவில் புகுந்து சமாதானம் பேசியிருப்பார்கள். வழி வழுக்கும், கால் வலிக்கும் என்று வருடா வருடம் தள்ளிப் போட்டேன், அவ்வளவுதான்.

ஒருநாள் காகத்திடம் கடிதம் கொடுத்தனுப்பியிருந்தாள். மலைமேல் போன் எடுக்காது.

“அக்கா, எனக்கு மூச்சு முன்ன மாதிரி இல்ல. நீ ஒரு தடவ வந்துட்டுப் போ. சீக்கிரம் வா.”

‘சீக்கிரம்’ என்ற சொல்லின் கீழே ஒரு கோடு. நான் அன்றைக்கே கிளம்பினேன், செருப்புக் கடைக்கு.

கடைக்குள் போகுமுன் நாலு பேர் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? போனில் படித்தேன். ஓர் ஆமை ஒரு ஷூவுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து, ‘இப்போது வேகமாகப் போகிறேன்’ என்று எழுதியிருந்தது. ஒரு பாம்பு அதே ஷூவுக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்து, ‘எனக்குப் பயன்படவில்லை’ என்று எழுதியிருந்தது. நான் இரண்டு பேரையும் நம்பினேன். ஆகவே படித்து முடிக்க மூன்று மாதம் ஆயிற்று.

கடை கரடி அண்ணாச்சியுடையது.

“நடக்கிறதுக்கா, பாக்கிறதுக்கா?” என்று கேட்டார்.

“எல்லாத்துக்கும் அண்ணாச்சி. மலை ஏறணும். கோயிலுக்குப் போகணும். மழை உள்ள எறங்கக் கூடாது. நாளைக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போட்டுட்டுப் போனாலும் யாரும் சிரிக்கக் கூடாது.”

“அப்ப சாம்பக் கலர் எடுங்க. சாம்பலப் பாத்து இதுவரைக்கும் யாரும் சிரிச்சதில்ல.”

பாத அளவுப் படிவம் என்று ஒன்றைக் கொடுத்தார். ஒரு காலுக்கு ஒன்றாக நாலு. எல்லாவற்றிலும் பெயர், தகப்பன் பெயர், கடைசியாக எப்போது நடந்தீர்கள் என்ற விவரம். நாலையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டதும் கரடி குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்குத்தான் குளம்பு இருக்கே?”

“அது டொக்கு டொக்குனு சத்தம் போடும் அண்ணாச்சி. மலைக்குக் கூட வேன்ல வாறவங்க என்ன நெனைப்பாங்க?”

“அப்படிச் சொல்லுங்க. இதப் பாருங்க, அடி முழுக்க ரப்பர். தூங்குத புலி மேல நடந்தாக்கூட அது முழிக்காது.”

“யாராவது நடந்து பாத்திருக்காங்களா?”

“திரும்பி வந்து குறை சொன்னவங்க ஒருத்தரும் இல்ல.”

கடைக் கம்பளத்தில் பத்தடி நடந்து பார்த்தேன். மேகத்தில் நடப்பதுபோல் இருந்தது. இரண்டு ஜோடியாகக் கட்டித் தரச் சொன்னேன்.

மலைக்கு வேன் விடுவது கீரிப்பிள்ளை. ஏழு கோயில், கடைசியில் மலை. மலையில் இரண்டு மணி நேரம் நிறுத்துவதாகச் சொல்லியிருந்தது. இன்ன தேதி வருகிறேன் என்று தங்கைக்குக் காகத்திடம் சொல்லி அனுப்பிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

முதல் கோயில் வாசலில் எல்லோரும் செருப்பை உதறிவிட்டு உள்ளே போனார்கள். நான் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தேன். நாலு ஷூ, எட்டு முடிச்சு, நாலு டோக்கன். கடைசி ஷூவைக் கழற்றுகிற நேரத்தில் முன்னால் போனவர்கள் நெற்றியில் விபூதியோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். உடனே மாட்ட ஆரம்பித்தேன். இரண்டாவது கோயிலிலும் இதேதான். காட்டிலேயே சிறந்த நடைக் காலணியை வாங்கிக்கொண்டு, நடக்க வேண்டிய இடமெல்லாம் அதைக் கழற்றிவிட்டு நடக்கிற பயணத்துக்கு வந்திருக்கிறேன் என்பது மூன்றாவது கோயிலில்தான் உறைத்தது.

வேனில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வெள்ளாட்டம்மாள், “மதினி, நீங்க செரமப்படாண்டாம். சாமியே வாசல் வரைக்கும் வந்து உங்களப் பாத்துட்டுப் போயிருச்சாம்” என்றாள். வேன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஏழு கோயிலில் நான் தரிசித்தது ஏழு வாசல்.

மலையடிவாரத்தில் கீரிப்பிள்ளை என் பக்கம் திரும்பி, “மேடம், உங்க காலாலதான் ஒரு மணி நேரம் போச்சு. இங்க ரெண்டு மணி நேரம்னு சொன்னது இப்ப ஒரு மணி நேரம்தான். அதுக்கு மேல போனா யானைங்க ரோட்டுல உக்காந்துருவாங்க. பேசி எழுப்புறதுக்குள்ள விடிஞ்சிரும்” என்றது.

மேலே போக இருபத்தைந்து நிமிடம், இறங்க இருபத்தைந்து. மீதி பத்து. பத்து போதும் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் போதும்.

பாதி வழியில் பனி இறங்கியது. பனியில் எங்கள் இனத்துக்குக் கண் உதவாது. கல்லில் குளம்பு விழுகிற சத்தத்தை வைத்துத்தான் எதிரே வருவது யார் என்று தெரிந்துகொள்வோம். ஆவுடையின் நடை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று காலை அழுத்தி வைத்து, நாலாவதைச் சும்மா தொட்டுவைப்பாள். பனியில் வாயைத் திறந்து கூப்பிடுகிற வழக்கமும் எங்களுக்குக் கிடையாது. புலிக்கு விலாசம் சொன்ன மாதிரி ஆகிவிடும். எல்லாப் பழக்கத்தையும் விட்டுவிட்ட நான், இந்த ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கயிறு அவிழ்ந்தது. ஓரமாக ஒதுங்கிக் குனிந்து கட்டினேன். பாதையில் ஏதோ மெத்தென்று கடந்து போயிற்று. முயலாக இருக்கும் என்று இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று வழிவிட்டேன்.

தங்கை வீட்டுக்கு முன்னால் அவள் பக்கத்து வீட்டு முள்ளம்பன்றி நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

“யாரு, வடிவக்காவா? சத்தமே இல்லாம வந்து நிக்கீங்களே!”

கரடி அண்ணாச்சி வாக்கு பொய்க்கவில்லை என்று ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

“ஆவுடை எங்க?”

“உங்களப் பாக்கத்தான் கீழ போனா. அக்கா வழுக்குப் பாறையில கஷ்டப்படுவா, நான் போய்க் கூட்டிட்டு வாறேன்னு மூச்சப் புடிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டா.”

“எந்த வழியா?”

“இருக்கிறது ஒரு வழிதான அக்கா?”

“அவ காலடிச் சத்தமே கேக்கலையே.”

“எப்படிக் கேக்கும்? புது ஷூல்லா போட்டிருக்கா. கரடி அண்ணாச்சி கடையிலருந்து பார்சல்ல வரவழைச்சா. கீழ்க்காட்டு அக்கா முன்னால வெறுங்காலோட நிக்க வெக்கமா இருக்காம்.”

“சாம்பக் கலரா?”

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

நான் திரும்பி ஓடினேன். ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடலாம் என்று தோன்றியது. ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. எட்டையும் அவிழ்க்க ஒரு கோயில் நேரம் ஆகும். மாட்டிக்கொண்டே ஓடினேன். அதே பாதை, அதே பனி. பாதி தூரத்தில் மறுபடி ஏதோ மெத்தென்று என்னைத் தாண்டி மேலே ஏறியது. ‘இந்த முயலுக்கு வேறு வேலையே இல்லையா?’ என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

கீழே கீரிப்பிள்ளை வேன் கதவைப் பிடித்தபடி நின்றது.

“உங்க தங்கச்சி வந்தாங்க மேடம். அப்படியே உங்க சாடை. நீங்க மேல போயிருக்கீங்கன்னு சொன்னேன். திரும்ப ஏறிட்டாங்க.”

“இங்கேயே இருக்கச் சொல்லக் கூடாதா?”

“சொன்னேனே. அக்கா அங்க தனியா உக்காந்திருப்பான்னுட்டாங்க.”

ஹாரன் அடித்தது. வெள்ளாட்டம்மாள் வேனில் இருந்து இறங்கி வந்து, “மதினி, வேணும்னா இருந்துட்டு வாங்க. உங்க பையை நான் வீட்டுல சேத்துருதேன்” என்றாள். இந்தத் தடவை அவள் கேலி செய்யவில்லை.

இருந்திருக்கலாம். காட்டு மிருகம் காட்டில் ஒரு ராத்திரி தங்க முடியாதா? ஆனால் அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியது வேறு: அடுத்த தடவை கயிறு இல்லாததாக, கொஞ்சம் லேசானதாக ஒன்று பார்த்து வாங்கிக்கொண்டு சாவகாசமாக வருவோம். வேனில் ஏறி உட்கார்ந்தேன்.

பத்து நாள் கழித்துக் காகம் கடிதம் கொண்டுவந்தது.

“அக்கா, நீ வந்துட்டுப் போனதே எனக்கு வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கு. வாசல்ல உன் காலடி பார்த்தேன். வழியில ரெண்டு தடவ ஒரு முயல் எதிர்ல வந்தது. ரொம்ப மரியாதையான முயல். முதல் தடவ ஒதுங்கி வழிவிட்டது. ரெண்டாவது தடவ பாவம், அதுக்கு என்ன அவசரமோ, ஓடிச்சு.”

பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால், கயிறு இல்லாத ஷூக்களைப் பற்றி நாலு பேர் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்று போனை எடுத்தேன்.

நீதி: சொந்தக்காரர்கள் கண்ணில் படாமல் போய்வர விரும்புகிறவர்கள், அடி முழுக்க ரப்பரா என்று அழுத்திப் பார்த்து வாங்கவும். சாம்பல் நிறம் உத்தமம்.

ஆவுடை மாசி மாதம் இறந்துபோனாள்.