குனிந்தால் மஞ்சள்

மூன்றாவது மஞ்சள் அட்டை திரையில் விழுந்ததும் யோரும் இரண்டு கையையும் திரையை நோக்கி ஆட்டினாள்.

"மாணவர் தூங்குகிறார்" என்று எழுத்து மின்னியது.

"ஐயோ, தூங்கல சார்! சத்தியமா தூங்கல!"

கல்லூரியின் புது ஆன்லைன் தளத்துக்கு இன்றுதான் முதல் நாள். விடுதியில் அதற்குள் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேமரா வழியாக முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். தலை சாய்ந்தால் மஞ்சள். ஐந்து மஞ்சள் விழுந்தால் பாடத்திலிருந்து பெயர் போகும். பெயர் போனால் விடுதி அறை போகும். அப்புறம் சொந்த ஊரான தீவுக்குத் திரும்பி அம்மாவோடு நெத்திலி காயவைக்க வேண்டியதுதான்.

ஒன்பது மணிக்குப் பேராசிரியர் ஹாம் திரையில் தோன்றி வணக்கம் சொன்னார். பெரியவர் வணக்கம் சொல்லும்போது விறைப்பாக உட்கார்ந்திருக்கும்படி யோருமை யாரும் வளர்க்கவில்லை. இடுப்பு வரை குனிந்தாள். கேமராவுக்கு உச்சந்தலை மட்டும் தெரிந்தது. முதல் மஞ்சள். பதறிப்போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். இரண்டாவது. அதற்கும் ஒரு மன்னிப்பு கேட்டாள். மூன்றாவது.

"அக்கா! காப்பாத்துங்க!"

கட்டிலில் கிம்பாப் என்ற கொரியச் சோற்றுச் சுருளை மென்றுகொண்டிருந்த அறைத்தோழி சோல்பிக்கு வேறு துறை, இரண்டு வருடம் மூப்பு.

"என்னடி, எவனாவது செத்துட்டானா?"

"நான்தான் சாகப்போறேன். குனிஞ்சா தூங்குறேன்னு சொல்லுதுக்கா!"

"அப்போ குனியாத."

"முடியலக்கா. அவரு என்னையே பாக்குறாரு. தலை தானா போகுது!"

"தள்ளு. நான் பிடிச்சுக்கிறேன்."

சோல்பி பின்னால் வந்து இரண்டு கையாலும் அவள் தலையைத் தர்ப்பூசணி போல இறுக்கிப் பிடித்தாள். சற்று நேரம் நன்றாகத்தான் போனது. திடீரென்று பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என் வகுப்புல யாரு தின்னுக்கிட்டிருக்கிறது?" என்றார்.

சோல்பிக்குக் கிம்பாப் தொண்டையில் நின்றது.

"மன்னிச்சுக்குங்க சார்!" என்று அவள் குனிந்த வேகத்தில், பிடியிலிருந்த யோருமின் தலையும் சேர்ந்து போய் மேஜையில் இடித்தது.

"இருவர் தூங்குகிறார்கள்." நான்காவது மஞ்சள்.

"அக்கா, நீங்க உங்க கட்டிலுக்கே போயிடுங்க!"

"நான் என்னடி பண்ணுவேன்? அவரு குரலே அப்படி இருக்கு!"

"ஏய், கடைசி வரிசை!" என்றார் பேராசிரியர். "உன்னைத்தான். எழுந்திரு."

யோரும் திரையைப் பார்த்தாள். ஓரத்தில் ஓடிய பெயர் வரிசையில் அவள் பெயர்தான் கடைசி. எழுந்து நின்றாள். கேமராவுக்கு இப்போது அவள் பைஜாமாவில் இருந்த வாத்துப் படம் மட்டும் தெரிந்தது.

"முகம் காணவில்லை." ஐந்தாவது மஞ்சள்.

பேராசிரியர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "சரி, உட்காரு. இனிமே இப்படிப் பண்ணாத" என்றார்.

யோரும் அழுதேவிட்டாள்.

"எவ்வளவு நல்ல மனுஷன் பாருங்கக்கா! அவரே மன்னிச்சுட்டாரு, இந்த மாமியார்தான் மன்னிக்க மாட்டேங்குது."

"துறை அலுவலகத்துக்குப் போன் போடு. உதவியாளர் 'கூ'ன்னு ஒருத்தர் இருக்காராம். அவர்கிட்ட சொல்லு."

போட்டாள். எடுத்தவரின் குரலே தூக்கத்தில் இருந்தது.

"அஞ்சு மஞ்சளா? காலையிலிருந்து நீ பன்னெண்டாவது ஆள்மா. எல்லாரும் குனிஞ்சிருக்கீங்க. எடுத்துடலாம், பயப்படாத. பேராசிரியர்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுட்டு வா, போதும். பாடத்துக்கு யாரு?"

"ஹாம் சார்!" யோரும் போனைப் பிடித்தபடியே குனிந்தாள். "அவர்கிட்ட ஏற்கெனவே கேட்டுட்டேன் சார், இப்பதான்! பரவால்ல, உட்காருன்னு அவர் வாயாலயே சொல்லிட்டாரு. வேணும்னா எங்க அக்காவக் கேளுங்க!"

சோல்பி பக்கத்திலிருந்து, "ஆமா சார், நானும் என் காதால கேட்டேன்!" என்று கத்தினாள்.

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு உதவியாளர் கூ, தூக்கம் முழுக்கத் தெளிந்த குரலில் கேட்டார்:

"ஏம்மா, ஹாம் சார் ரிட்டயர் ஆகி ஒரு வருஷமாச்சு, நீங்க பாத்தது அவரு பழைய வகுப்போட வீடியோ... அப்போ நீ யார்கிட்ட மன்னிப்பு கேட்டதா நான் எழுதிக்கிறது?"