நல்லையா கண்டெடுத்த கிராணி

ஒரு மனிதனிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் அவன் தகுதியை அளந்துவிடும் மாபெரும் விஞ்ஞானம் ஜப்பானியர் ஆட்சியில், அவர்கள் கணக்கில் நிப்போன் ஆண்டு 2603இல் (1943), மலாக்கா காஜா பெராங் சாலையிலிருந்த ஆள்பதிவு அலுவலகத்தில் பிறந்தது. அதைப் பெற்றெடுத்தவர் அங்கே தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்த நல்லையா.

டைப் கிராணி வேலை ஒன்று காலி. வந்தவர்கள் பதினெட்டுப் பேர். கிடைத்தால் அரிசி, கிடைக்காவிட்டால் சயாம் காட்டில் தண்டவாளம் போடும் ரயில் வேலை. அங்கே போனவர் எவரும் இதுவரை ஒரு கடுதாசிகூடப் போட்டதில்லை. தியாகுவுக்கு டைப் தெரியாது. அடுத்த வீட்டு ஜெயபாலனுக்கு டைப்பும் தெரியும், கணக்கும் தெரியும், நிப்போன் எழுத்தும் பாதி தெரியும்.

"நீயாவது பொழைச்சுக்குவ," என்றான் வரிசையில் நின்ற தியாகு.

"சும்மா நில்லுடா. கழுத்துப் பிடிப்பு, உன் பக்கம் திரும்பக்கூட முடியல."

தியாகுவுக்கு வேறு தொல்லை. மாமாவிடம் இரவல் வாங்கிய சிலுவார் கால்சட்டையில் இடுப்புப் பொத்தான் இல்லை.

முதலில் ஜெயபாலன் போனான். குனிந்து வணங்க வேண்டிய இடத்தில் கழுத்து வளைய மறுத்தது.

"கொடிக்கம்பம் மாதிரி நிக்கிற," என்று நல்லையா 'கீழ்ப்படியாமை' எனக் குறித்தார். "அடுத்த ஆள்."

"ஐயா, சர்டிபிகேட்டப் பாருங்க."

"அதான் உன்னையே பாத்தாச்சே."

அடுத்து தியாகு நுழைந்தான். சிலுவார் நழுவியது. இரு கைகளையும் இடுப்போடு அழுத்திக்கொண்டு அப்படியே மடிந்தான். நிமிர்ந்தால் மானம் போய்விடும், ஆகவே நிமிரவில்லை.

நல்லையாவுக்குக் கண் கலங்கியது. "ரோட்டுல காவல் நிக்கிற சிப்பாய்க்குக்கூட இந்த ஊர்ல எவனும் இப்படிக் குனிஞ்சதில்ல. போதும், நிமிரு."

"வேணாங்கய்யா. இப்படியே இருந்துக்கிறேன்."

'பணிவு', 'அடக்கம்' என்று இரண்டு குறிப்புகள் ஏறின. வேலை கிடைத்தது.

மறுநாள் புதிய டைப் கிராணிக்குப் பேனா கொடுக்கப்பட்டது. முதல் பணி: தேறாத பதினேழு பேரைச் சயாம் பட்டியலில் ஏற்றுவது. முதல் பெயர் ஜெயபாலன்.

"ஐயா, அவனுக்குத் திமிரெல்லாம் இல்ல. கழுத்துப் பிடிப்புங்க."

"அப்படியா, பாவம்," என்றார் நல்லையா உருக்கமாக. "ஆனா மேலிடத்துல பதினேழு பேரு கேட்டிருக்காங்களே. அவன் வேணாம்னா வேற ஒரு பேரு சொல்லு, போட்டுக்கலாம்."

பதினெட்டுப் பேரில் மிச்சமிருந்த பெயர் ஒன்றே ஒன்று.

தியாகு எழுந்து, இடுப்பு வளைய, தானாகவே குனிந்தான். பிறகு உட்கார்ந்து முதல் பெயரை அழகான கையெழுத்தில் எழுதினான். நல்லையாவின் விஞ்ஞானம் சரியான ஆளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தது.